வாடகைக்கு விட சின்ன வீடு வாங்கப் போறீங்களா? கடன், கணக்கு, ரிப்பேர் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் புரோக்கர் கிடையாது, பேங்க்லயும் வேலை பாக்கல. கடன் வாங்கி ரெண்டு சின்ன பழைய வீட்டை எடுத்து, சரி பண்ணி, வாடகைக்கு விட்டு நடத்திட்டு இருக்கேன், அவ்வளவுதான். இது வெளிய தெரிஞ்சதுல இருந்து எல்லாரும் அதே கேள்விங்களைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன். வட்டி, வரி, சட்டம் எல்லாம் எடத்துக்கு எடம் மாறும், அதனால கணக்குல வெறும் நம்பர் மட்டும்தான் போட்டிருக்கேன், உங்க கணக்கை அதுல வெச்சுப் பாத்துக்குங்க.

கையில எவ்வளவு இருந்தா ஆரம்பிக்கலாம்?

எல்லாரும் டவுன் பேமென்ட்டை மட்டும் எண்ணிட்டு வந்து நிப்பாங்க. பணத்தை நாலு கட்டா பிரிச்சு வைங்க. ஒண்ணு டவுன் பேமென்ட். ரெண்டாவது பத்திரச் செலவு, வக்கீல் ஃபீஸ், பேங்க் ப்ராசஸிங் ஃபீஸ், வேல்யூவேஷன் ஃபீஸ் மாதிரி திரும்பி வராத செலவு. மூணாவது ரிப்பேர் வேலைக்கு. நாலாவது, வீடு ஆறு மாசம் காலியா கெடந்தாலும் தவணை கட்ட வேண்டிய பணம். இந்த நாலாவது கட்டு இல்லாம எறங்குனவங்கதான் பின்னாடி அவசரத்துல வந்த வெலைக்கு வீட்டை வித்துட்டுப் போறாங்க. டவுன் பேமென்ட்டைக் கொஞ்சம் கம்மியா போட்டு கடனைக் கொஞ்சம் கூட வாங்கினாலும் பரவால்ல, நாலாவது கட்டைத் தொடாதீங்க. வட்டி கூடப் போகுமே அண்ணேன்னு ஒரு தம்பி கேட்டாரு. போகும்தான், அதை இன்சூரன்ஸ் பிரீமியம்னு நெனச்சுக்கங்க தம்பின்னு சொன்னேன்.

வாடகை 100 வருது, தவணை 90தான். அப்ப மாசம் 10 லாபம்தானே?

இல்ல. இந்த ஒரு கணக்குலதான் முக்காவாசிப் பேர் ஏமாறுறாங்க, நானும் முதல்ல இப்படித்தான் நோட்டுப் பின்னாடி கணக்குப் போட்டு சந்தோஷப்பட்டேன். வருஷக் கணக்கா போடுங்க. மாசம் 100னா வருஷத்துக்கு 1200. ஒரு ஆள் காலி பண்ணிட்டுப் போய், வெள்ளையடிச்சு, அடுத்த ஆள் வர்றதுக்குள்ள ஒரு மாசம் போயிடும், அது 100. மீதி 1100. ரிப்பேருக்குன்னு வாடகையில பத்துல ஒரு பங்கு, 120. மீதி 980. சொத்து வரி, இன்சூரன்ஸ், அபார்ட்மென்ட்டா இருந்தா மெயின்டனன்ஸ், எல்லாம் சேத்து ஒரு 130 வைங்க. மீதி 850. தவணையோ 90 வீதம் 1080. அப்ப வருஷத்துக்கு 230 உங்க சம்பளத்துல இருந்து போகுது. மாசம் 10 லாபம்னு நெனச்ச வீடு இது.

இதே 850க்கு எவ்வளவு தவணை தாங்கும்னு பாருங்க. வாடகை வீட்டுக்குக் கடன் குடுக்குறவங்க நெறைய பேர், செலவு போக நிக்கிற வருமானம் தவணையை மாதிரி 1.25 மடங்கு இருக்கணும்னு பாப்பாங்க. 850ஐ 1.25ஆல வகுத்தா 680, மாசத்துக்கு 57 கிட்ட. அதாவது 100 வாடகை வர்ற வீட்டுக்கு 57 தவணை தாங்கும், 90 தாங்காது. அந்த 57க்கு வரணும்னா வெலையைக் கொறைச்சுப் பேசணும், இல்லாட்டி டவுன் பேமென்ட் கூடப் போடணும், ரெண்டும் முடியலன்னா அந்த வீடு நமக்கில்லன்னு வந்துடணும்.

மாச வாடகை வெலையில 1 சதவீதம் இருக்கணும்னு ஒரு ரூல் வீடியோல எல்லாம் சொல்லுவாங்க. அது அமெரிக்காவுல இருந்து வந்த குறுக்குக் கணக்கு, உலகத்துல நெறைய எடத்துல அந்த மாதிரி வீடே கெடைக்காது. அதை வெச்சு வீடு தேடுனா தேடிக்கிட்டேதான் இருப்பீங்க.

கடன் குடுக்குறவங்க எதைப் பாப்பாங்க?

உங்க வருமானம், ஏற்கனவே ஓடுற தவணைங்க, பழைய கடனை ஒழுங்கா கட்டுனீங்களா, அப்புறம் வீட்டோட பேப்பர். வரப்போற வாடகையை வருமானமா காட்டலாமான்னு கேட்டா, சில பேர் எடுத்துக்குவாங்க, ஆனா முழுசா எடுக்க மாட்டாங்க, ஒரு பங்கைக் கழிச்சுட்டு மீதியைத்தான் கணக்குல வைப்பாங்க. சொந்தமா குடியிருக்க வாங்குற கடனை விட வாடகைக்கு விட வாங்குற கடனுக்கு வட்டியும் டவுன் பேமென்ட்டும் பொதுவா கூடத்தான் இருக்கும்.

உடனே ஒருத்தர், நானே குடியிருக்கப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் வாடகைக்கு விட்டா என்னன்னு கேப்பாரு. அது பொய் தகவல் குடுத்து கடன் வாங்குறது, மோசடிக் கணக்குல வரும், மாட்டினா முழுக் கடனையும் ஒரே தடவையா கட்டுன்னு கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கும். வேண்டாம்.

ஃபிக்ஸட் வட்டியா, ஃப்ளோட்டிங்கா?

ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்கு, நான் பொதுவா சொல்றது ஒண்ணுதான்: ஃப்ளோட்டிங், அதாவது நடுவுல ஏறி எறங்குற வட்டி, எடுத்தா வட்டி ரெண்டு சதவீதம் ஏறினாலும் தாங்குமான்னு இப்பவே போட்டுப் பாத்துடுங்க. 9 சதவீத வட்டியில 20 வருஷத்துக்கு ஒரு லட்சம் கடன்னா மாசத் தவணை 900 வரும். வட்டி 10 ஆச்சுன்னா தவணை 965. இதுல என்ன வேடிக்கைன்னா, நெறைய பேங்க்ல தவணையை ஏத்தாம வருஷத்தை ஏத்திடுவாங்க, நமக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி தெரியும். அதே 900ஐ 10 சதவீதத்துல கட்டினா கடன் முடிய 26 வருஷம் ஆகும். ஒரே ஒரு சதவீதத்துக்கு ஆறு வருஷம். வட்டி மாறுற அன்னிக்கு வர்ற மெசேஜைப் படிக்காம தள்ளி விடாதீங்க.

இன்னொண்ணு, அந்த 900ல முதல் மாசம் 750 வட்டிக்கே போயிடும், அசல்ல 150தான் கழியும். அதனால எதாவது பணம் கையில வந்தா முதல் சில வருஷத்துலயே அசல்ல கட்டுறதுதான் புண்ணியம். கட்டுறதுக்கு முன்னாடி, முன்கூட்டியே அடைச்சா அபராதம் உண்டான்னு அக்ரிமென்ட்ல பாருங்க.

ரிப்பேர் செலவுக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா?

எடுக்காம இருக்கத்தான் பாக்கணும். வட்டி கூட, காலம் கம்மி, அதனால தவணை பெருசா வந்து நிக்கும், அதுவும் வீடு காலியா இருக்குற அதே மாசங்கள்ல. வீட்டுக் கடன் பேசும்போதே ரிப்பேருக்கும் சேத்துக் குடுப்பீங்களான்னு கேளுங்க, சில எடத்துல வேலை முடிய முடிய பகுதி பகுதியா விடுவாங்க. இல்லாட்டி டாப் அப், அதாவது ஓடுற வீட்டுக் கடன் மேலயே கூட வாங்குற கடன். கிரெடிட் கார்டைத் தேய்ச்சு டைல்ஸ் வாங்கிட்டு வந்தவரையும் பாத்திருக்கேன், அந்த டைல்ஸ்க்கு இன்னும் கட்டிக்கிட்டு இருக்காரு.

பழைய வீட்டை வாங்கி, சரி பண்ணி, கூடுன மதிப்புக்கு மறுபடி கடன் வாங்கி, அந்தப் பணத்துல அடுத்த வீடுன்னு சொல்றாங்களே?

நடக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா அது நிக்கிறது மதிப்பு போட வர்ற ஆளோட பேனாவுல. நீங்க 30 கூடும்னு நெனச்சு வேலை பாத்திருப்பீங்க, அவரு பக்கத்துல வித்த வீட்டையெல்லாம் பாத்துட்டு 12ன்னு எழுதிட்டுப் போவாரு. பணம் சுவத்துக்குள்ள மாட்டிக்கும். அதோட வாங்கி ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகாம மறுகடன் குடுக்காத எடமும் இருக்கு. முதல் வீட்டுலயே இதை நம்பி எறங்காதீங்க.

அப்ப முதல் வீடு எப்படி இருந்தா நல்லது?

ரெண்டு போர்ஷன் இருக்குற வீடா கெடைச்சா ஒண்ணுல நீங்க இருங்க, ஒண்ணை விடுங்க. நீங்களும் அங்கயே இருக்குறதால பல எடத்துல சொந்தக் குடியிருப்புக் கடன் வட்டியிலயே, நேர்மையாவே, கெடைக்கும். ராத்திரி குழாய் ஒழுகுதுன்னா படி எறங்கிப் போய்ப் பாக்கலாம். பக்கத்துலயே வாடகைக்காரங்க இருக்குறது சிலருக்கு ஒத்து வராது, அது உங்க சுபாவம்.

அது முடியலன்னா, வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல போய்ச் சேர்ற தூரத்துல, அழுக்கா இருக்குற ஆனா எலும்பு நல்லா இருக்குற வீடு. அழுக்கு, பழைய பெயிண்ட், கேவலமான கிச்சன் எல்லாம் வெலையைக் கொறைக்கப் பேச வசதி. அஸ்திவாரத்துல கோளாறு, கூரையில கோளாறு, பேப்பர்ல வில்லங்கம், இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் முதல் வீட்டுக்கு ஆகாது.

வீடு பாக்கப் போகும்போது என்னத்தைப் பாக்கணும்?

தண்ணி. மத்ததெல்லாம் அப்புறம்.

என்னோட முதல் வீட்டுல ஹால் பூரா புதுசா பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க, வாசம் கூடப் போகல. நான் கூட பரவால்லயே, அவங்களே அடிச்சுக் குடுத்துட்டாங்களே, ஒரு செலவு மிச்சம்னு நெனச்சேன். வாங்கி மூணு வாரம் கழிச்சுப் போறேன், பெட்ரூம் பக்கத்துச் சுவத்துல முழங்கால் ஒசரத்துக்குக் கீழ பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா நிக்குது. ஒண்ணைக் கட்டை விரலால அழுத்துனா பொத்துன்னு உள்ள போச்சு, விரல் எடுத்ததும் பூச்சு மாவு மாதிரி கொட்டுது, உள்ள ஈரம், வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கு. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். பைப் சுவத்துக்குள்ள ஒழுகிக்கிட்டே இருந்திருக்கு, எத்தனை வருஷமோ. புதுப் பெயிண்ட் எதுக்கு அடிச்சாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அதனால ஒரு சுவர் மட்டும் புதுசா இருந்தா அங்கதான் கை வெச்சுப் பாக்கணும். பீரோ, அலமாரி பின்னாடி, சிங்க் அடியில, மேல் மூலைங்க. முடிஞ்சா நல்ல மழை பேஞ்ச மறுநாள் ஒரு தடவை போங்க. எல்லாக் குழாயையும் ஒண்ணா தொறந்துட்டு ஃப்ளஷ் பண்ணிப் பாருங்க, தண்ணி வேகம் எவ்வளவு கொறையுது, தண்ணி வெளிய போற ஓட்டையில எவ்வளவு நேரம் நிக்குதுன்னு தெரியும். ஓதம் உள்ள இருந்து வருதா இல்ல ரூம் காத்துல இருக்குற ஈரம்தான் சுவத்துல படியுதான்னு சந்தேகம் இருந்தா, ஒரு சாண் அகலத்துக்கு பிளாஸ்டிக் பேப்பரை நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டிட்டு ஒரு நாள் ரெண்டு நாள் விடுங்க. பேப்பருக்கு உள்பக்கம், சுவத்தைப் பாத்த பக்கம் தண்ணி கோத்திருந்தா சுவத்துக்குள்ள ஈரம். வெளிப்பக்கம் கோத்திருந்தா ஜன்னல் தொறக்காத கேஸ். இதுக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கலன்னா அதுவே ஒரு பதில்தான்.

விரிசலைப் பாத்து எல்லாத்துக்கும் பயப்பட வேண்டாம், முடி மாதிரி இருக்குறதெல்லாம் பெரும்பாலும் பூச்சு விரிசல்தான். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஓடி, விரல் நகம் உள்ள போற அளவு அகலமா இருந்து, பக்கத்துல கதவும் மூட மாட்டேங்குதுன்னா, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க. அவரு ஃபீஸ் கொடுக்க யோசிக்காதீங்க.

எந்த வேலையை முதல்ல ஆரம்பிக்கணும்?

மேல இருந்து, வெளிய இருந்து, உள்ள மறைஞ்சு போற வேலையில இருந்து. கூரை, மொட்டை மாடி ஒழுகலை முதல்ல நிறுத்துங்க. அப்புறம் ஒடைக்கிற வேலை. அப்புறம் சுவத்துக்குள்ள போற பைப், வயரிங். அப்புறம் பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங், பூச்சு, டைல்ஸ், பட்டி, பெயிண்ட், கடைசியா ஸ்விட்ச், குழாய், கதவுப் பிடி. பெயிண்டர் முடிச்சுட்டுப் போனதும் எலக்ட்ரீஷியன் வந்து சுவத்தை வெட்டுனா அந்த வலி ஒரு தனி வலி.

சுவத்தை மூடுறதுக்கு முன்னாடி, பக்கத்துல டேப்பை நீட்டிப் பிடிச்சு, பைப்பும் வயரும் ஓடுற எடத்தை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நாளைக்கு ஒரு வாடகைக்காரர் டிவி மாட்ட ஆணி அடிக்கப் போறேன்னு ஃபோன் பண்ணும்போது அந்த ஃபோட்டோவோட அருமை தெரியும்.

புதுப் பூச்சு மேல அவசரப்பட்டு பெயிண்ட் அடிக்காதீங்க. காய சுமாரா நாலு வாரம் வேணும், இல்லாட்டி உப்பு பூத்து உரிஞ்சு வரும். வயரிங்ல லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஹீட்டர் ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர்னு நெறைய எடத்துல வழக்கம், உங்க எடத்து விதிப்படி எலக்ட்ரீஷியன் சொல்றதைக் கேளுங்க. கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், ஆர்சிசிபின்னு சொல்லுவாங்க, 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகுறது ஒண்ணு கண்டிப்பா வைங்க, குடியிருக்கறவங்க உயிர் அதுல இருக்கு. ரொம்பப் பழைய வீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஈயம் கலந்த பழைய பெயிண்ட் இருக்கலாம், அதை ஈரம் பண்ணாம காஞ்சபடியே தேய்க்குறதோ ஒடைக்குறதோ கூடாது, தெரிஞ்ச ஆளை வெச்சுத்தான் எடுக்கணும்.

பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிட்டோம்னு சொல்றாங்க, எப்படி நம்புறது?

நம்ப வேண்டாம், தண்ணி கட்டிப் பாருங்க. டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி தண்ணி போற ஓட்டையை துணி வெச்சு அடைச்சு, ரெண்டு விரல் ஒசரத்துக்குத் தண்ணி விட்டு, தண்ணி மட்டத்துல சுவத்துல பென்சில் கோடு போட்டுட்டு, 24 மணி நேரம் விடணும். மேஸ்திரி, எதுக்கு சார் இதெல்லாம், ஒரு நாள் வேஸ்ட்டும்பாரு. என் ரெண்டாவது வீட்டுல அப்படிச் சொன்ன மேஸ்திரியும் நானும் மறுநாள் காலையில கீழ் வீட்டுக்காரம்மாகிட்ட கெஞ்சி உள்ள போய் டார்ச் அடிச்சுப் பாக்குறோம், சீலிங்ல தட்டு அளவுக்கு ஈரம் படர்ந்திருக்கு, பைப் சுத்தி அடைச்ச எடம் சரியா பிடிக்கல. டைல்ஸ் ஒட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவரு ஒண்ணும் பேசல, நானும் பேசல. மறுபடி அடைச்சு மறுபடி தண்ணி கட்டினோம்.

காண்ட்ராக்டருக்கு பணம் எப்படிக் குடுக்குறது?

நாள் கணக்குல குடுக்காதீங்க, வேலைக் கணக்குல குடுங்க. பைப் வேலை முடிஞ்சு டெஸ்ட் பண்ணா இவ்வளவு, பூச்சு முடிஞ்சா இவ்வளவுன்னு முன்னாடியே எழுதிக்கணும். கடைசி 10 சதவீதத்தை, சின்னச் சின்ன குறை எல்லாம் முடியுற வரைக்கும் பிடிச்சு வைங்க. மூணு பேர்கிட்ட ரேட் கேக்கும்போது மூணு பேருக்கும் ஒரே லிஸ்ட்டைக் குடுங்க, லேபர் மட்டுமா மெட்டீரியல் சேத்தான்னு தெளிவா கேளுங்க. இல்லாட்டி ஒருத்தர் சொன்ன ரேட்ல குப்பை அள்ற செலவு இருக்கும், இன்னொருத்தர்ல இருக்காது, கம்மியா சொன்னவர்தான் கடைசியில கூட ஆகியிருப்பாரு. நடுவுல அண்ணே, இதையும் சேத்துப் பண்ணிடலாமான்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எவ்வளவுன்னு கேட்டு மெசேஜ்ல வாங்கிட்டு அப்புறம் தலையாட்டுங்க.

நானே செஞ்சா மிச்சம் ஆகுமே?

பெயிண்ட், கிளீனிங், கதவுப் பிடி மாத்துறது, செய்யுங்க. கரண்ட், கேஸ், பாரம் தாங்குற சுவரு, தொடாதீங்க. நடுவுல ஒரு கணக்கும் போடுங்க: நீங்க சனி ஞாயிறு மட்டும் வந்து பெயிண்ட் அடிச்சு ரெண்டு மாசம் இழுத்தா ரெண்டு மாச வாடகை போச்சு, பெயிண்டர் கூலி பெரும்பாலும் அதை விடக் கம்மியாதான் இருக்கும்.

எவ்வளவு நல்லா பண்ணணும்? மாடுலர் கிச்சன் எல்லாம் போடலாமா?

நீங்க குடியிருக்கப் போற மாதிரி பண்ணாதீங்க, நாலு குடும்பம் மாறி மாறி இருந்தாலும் தாங்குற மாதிரி பண்ணுங்க. ஒரு வருஷ வாடகையான 1200ஐக் கொட்டி கிச்சன் போட்டு, மாச வாடகை 10 கூடுச்சுன்னா போட்டதை எடுக்கவே 10 வருஷம், அதுக்குள்ள அந்த கிச்சன் பழசாயிடும். அதே பணத்துல பாதியை பாத்ரூம், வெளிச்சம், தண்ணி வேகம், ஒழுங்கா பூட்டுற கதவுன்னு போட்டா ஆள் சீக்கிரம் வருவாங்க, வந்தவங்க இருப்பாங்க. எல்லா ரூமுக்கும் ஒரே கலர், கழுவுற மாதிரி பெயிண்ட், கலர் நம்பரை எழுதி வைங்க. டைல்ஸ் ஒரு பெட்டி கூட வாங்கிப் பரண்ல போடுங்க, அதே டிசைன் அடுத்த வருஷம் கெடைக்காது. குழாய் ஃபேன்ஸியா வேண்டாம், ஸ்பேர் எந்தக் கடையிலயும் கெடைக்குற சாதா மாடல்.

பட்ஜெட்டைத் தாண்டிப் போயிடுச்சுன்னா?

தாண்டும். அதுக்குத்தான் போட்ட எஸ்டிமேட்டுக்கு மேல 10ல இருந்து 20 சதவீதம் வெக்கச் சொல்றது, பழைய வீடுன்னா 20. தாண்டும்போது பெயிண்ட்ல, அலமாரியில கைய வைங்க, வாட்டர்ப்ரூஃபிங்லயும் வயர்லயும் கைய வெக்காதீங்க.

வாடகை எவ்வளவு வெக்கிறது?

அந்தத் தெருவுல இப்ப என்ன போகுதோ அதான், நீங்க எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு வர்றவங்களுக்கு என்ன கவலை. 100க்கு ஆள் ரெடியா இருக்கும்போது 105 வேணும்னு ஒரு மாசம் காலியா வெச்சிருந்தா, போன 100ஐ அந்த 5, 5ஆ எடுக்க 20 மாசம். நல்லா விசாரிச்சு, வருமானம் பாத்து, பழைய வீட்டுக்காரர்கிட்ட ஒரு ஃபோன் போட்டு, 98க்கு வந்தாலும் சாவியைக் குடுங்க. அட்வான்ஸ் பணம் உங்க பணம் இல்ல, தனி அக்கவுன்ட்ல போட்டுடுங்க, அதை எடுத்து டைல்ஸ் வாங்காதீங்க.

இன்சூரன்ஸ், பில்லு எல்லாம் வேணுமா?

வேணும். குடியிருக்குற வீட்டுக்கு எடுக்குற பாலிசி வாடகை வீட்டுக்கு செல்லாம போகலாம், வீடு இத்தனை நாளுக்கு மேல காலியா இருந்தா கவர் இல்லன்னும் பல பாலிசில இருக்கும், ரிப்பேர் நடக்குறது சரியா அந்த நாள்லதான். பில் ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ எடுத்து வைங்க, ரிப்பேர் செலவும் புதுசா சேத்த செலவும் வரியில வேற வேற மாதிரி வரும், ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காசு குடுத்துக் கேட்டுக்குங்க.

ரெண்டாவது வீடு எப்ப வாங்கலாம்?

முதல் வீட்டுல ஒரு முழு வருஷம் ஓடட்டும், ஒரு மழைக்காலம் போகட்டும், ஒரு தடவையாவது ஆள் மாறட்டும். ஒரு நோட்டுல வந்தது போனது எல்லாத்தையும் எழுதுங்க, பிளம்பருக்குக் குடுத்த சில்லறை வரைக்கும். என் நோட்டுல முதல் வருஷம் ரிப்பேருக்குன்னு நான் ஒதுக்குனதை விட மூணு மடங்கு போயிருந்துச்சு, அதுல பாதி அந்த பெட்ரூம் சுவரு. ரெண்டாவது வருஷம் ஒரு குழாய் வாஷர் மட்டும்தான். அந்த நோட்டைப் பாத்துதான் ரெண்டாவது வீட்டுக்கு வெலை பேசுனேன், கேட்டதுல இருந்து கொறைச்சுக் கேட்டதுக்கு வித்தவர் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டு, நாலு மாசம் கழிச்சு அவரே ஃபோன் பண்ணாரு.